கெண்டைக்காலில் கிளம்பும் ஒரு சொட்டு: ரத்தம் உடலைச் சுற்றிவரும் பாதைக்கு முழுமையான வழிகாட்டி

இதயப் படத்தை வரையச் சொன்னால் எங்கள் மேலூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் அழகாக வரைந்துவிடுகிறார்கள். நீலம், சிவப்பு, அம்புக்குறி எல்லாம் அந்தந்த இடத்தில் இருக்கும். "கெண்டைக்காலில் இருக்கும் ஒரு சொட்டு ரத்தம் மறுபடியும் அதே காலுக்கு வர எந்த வழியாகப் போகும்?" என்று கேட்டால் பாதியிலேயே நின்றுவிடுகிறார்கள். எப்போதும் இதயத்தில் தொடங்கி இதயத்திலேயே முடித்துப் பழகியதுதான் இதற்குக் காரணம் என்பது பாடம் நடத்துகிற எனக்கு உறுதியாகத் தெரிகிறது. ஆகவே இங்கே காலில் தொடங்கி, காலிலேயே முடிக்கப் போகிறோம். பத்தாம் வகுப்பு மாணவருக்கும் நீட் எழுதப் போகிறவருக்கும், வீட்டில் பிரஷர் மாத்திரை சாப்பிடும் அப்பத்தாவுக்கு விஷயத்தை விளக்க நினைப்பவருக்கும் இது உதவும்.

ஒரே ஒரு விதியைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். அழுத்தம் கூடுதலான இடத்திலிருந்து குறைவான இடத்துக்குத்தான் ரத்தம் ஓடும். திரும்பி வரப் பார்த்தால் வால்வு மூடிக்கொள்ளும். எந்த அறைக்குச் சுவர் தடிமன், எங்கே வால்வு உண்டு, எங்கே இல்லை, எந்த நோயில் ஏன் கால் வீங்குகிறது என்று எதைக் கேட்டாலும் பதில் இந்த விதிக்குள்தான் இருக்கிறது.

முதலில் கறிக்கடைக்குப் போய் வாருங்கள்

ஆட்டு இருதயமும் மனித இருதயமும் அமைப்பில் ஒன்றுதான். நான்கு அறைகள், நான்கு வால்வுகள், அதே பெரிய குழாய்கள். படத்தில் பத்து முறை பார்ப்பதைவிட இதை ஒரு முறை கையில் எடுத்துப் பார்ப்பது மேல். கறி சாப்பிடாதவர்களும் பார்க்கப் பிடிக்காதவர்களும் இந்தப் பகுதியைத் தாண்டி அடுத்ததற்குப் போகலாம், பாதை விட்டுப்போகாது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கடையில் கூட்டம் நெருக்கும். அதனால் முதல் நாளே சொல்லிவையுங்கள்: "அண்ணே, இருதயத்தைக் கீறாம, மேல இருக்கற குழாயோட முழுசா வேணும். பிள்ளைங்க படிக்கறதுக்கு." சொல்லாவிட்டால் குழாய்களை ஒட்ட வெட்டி, ரத்தம் வடிவதற்காக நடுவில் கீறிக் கொடுத்துவிடுவார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து குழாயடியில் நன்றாக அலசி, உள்ளே உறைந்திருக்கும் ரத்தக் கட்டிகளை விரலால் எடுத்துவிடுங்கள். கையுறை இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

இப்போது இடது எது, வலது எது என்று பார்க்க வேண்டும். கட்டைவிரலால் இருபுறமும் அழுத்துங்கள். கெட்டியாக, அமுங்காமல் இருப்பது இடது கீழறை. தளதளவென்று உள்ளே அமுங்குவது வலது கீழறை. கூர்மையான கீழ் முனை முழுக்க இடது கீழறைக்குச் சொந்தம். வெளிப்புறத்தில் கொழுப்பு படிந்து சாய்வாக ஓடும் கோடு தெரிகிறதா? அதற்குள் இருப்பவை இதயத்துக்கே ரத்தம் கொடுக்கும் கரோனரி நாளங்கள். நெஞ்சு அடைப்பு என்று நாம் பயப்படுவதெல்லாம் இந்தச் சின்னக் குழாய்களில் நடப்பதுதான்.

வெட்டுவதற்கு முன் ஒரு சோதனை. மேலே இருப்பவற்றில் சுவர் தடித்து, வாய் மூடாமல் வட்டமாக நிற்கிற குழாய்தான் பெருந்தமனி, உடலுக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாய். இதயத்தை நிமிர்த்திப் பிடித்து அதற்குள் மெதுவாகத் தண்ணீர் ஊற்றுங்கள். தண்ணீர் இறங்காமல் தேங்கி நிற்கும். உள்ளே எட்டிப் பார்த்தால் பிறைநிலா வடிவில் மூன்று மடல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருப்பது தெரியும். அதுதான் அரைச்சந்திர வால்வு. உயிர் போன பிறகும் அது வேலை செய்கிறது, ஏனென்றால் வால்வுக்கென்று தனியாகச் சதையோ விசையோ கிடையாது. மேலே அழுத்தம் கூடினால் மூடும், கீழே கூடினால் திறக்கும், அவ்வளவுதான். வகுப்பில் இதைச் செய்து காட்டும்போது பிள்ளைகள் முகத்தில் வருகிற வெளிச்சத்துக்காகவே நான் இந்தப் பாடத்துக்குக் காத்திருப்பேன்.

அப்புறம் நீளவாட்டில் வெட்டித் திறந்து பாருங்கள். மேலே இரண்டு அறைகள், பாடப்புத்தகம் ஆரிக்கிள் என்று சொல்பவை, சுவர் மெல்லிசு. கீழே இரண்டு, வென்ட்ரிக்கிள்கள். மனிதரில் இடது கீழறைச் சுவர் ஏறக்குறைய 1 செ.மீ. தடிமன் இருக்கும், வலது கீழறைச் சுவர் 3 முதல் 4 மி.மீ. தான். மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் மெல்லிய மடல்கள் தொங்கும். வலப்புறம் மூன்று, இடப்புறம் இரண்டு. அந்த மடல்களின் ஓரத்திலிருந்து வெள்ளை நூல்கள் கீழே இறங்கிச் சுவரில் இருக்கும் சதை முளைகளில் பிடித்திருக்கும். கீழறை சுருங்கும்போது, காற்றில் குடை மறுபக்கம் திரும்பிக்கொள்வதுபோல மடல்கள் மேலறைக்குள் புரண்டுவிடாமல் இழுத்துப் பிடிப்பது இந்த நூல்கள்தான். அரைச்சந்திர வால்வுகளுக்கு நூல் கிடையாது. கிண்ணம்போன்ற அவற்றின் வடிவமே போதும்.

படி 1: கெண்டைக்காலிலிருந்து வலது மேலறைக்கு

இப்போது ஒரு சொட்டு ரத்தம் உங்கள் கெண்டைக்காலில், கண்ணுக்குத் தெரியாத நுண்குழாயான தந்துகி ஒன்றில் இருக்கிறது. ஆக்சிஜனில் ஒரு பகுதியைச் சதைக்குக் கொடுத்துவிட்டு, கார்பன் டை ஆக்சைடை ஏற்றிக்கொண்டுவிட்டது. நிறம் அடர் சிவப்பு. படத்தில் நீலம் பூசுவது அடையாளத்துக்காக மட்டுமே. லேபில் ஊசி போட்டு எடுக்கும் ரத்தத்தைப் பார்த்திருப்பீர்களே, அது இந்த வகைதான்.

தந்துகிகள் கூடிச் சின்னச் சிரையாகி, சின்னச் சிரைகள் கூடிப் பெரிய சிரையாகின்றன. (இதயத்துக்கு ரத்தத்தைத் திருப்பிக் கொண்டுவரும் குழாய்தான் சிரை.) இதற்குள் அழுத்தம் பெரும்பாலும் தீர்ந்துபோயிருக்கும். நிற்கிற மனிதருக்கு இங்கிருந்து இதயம் ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பிறகு எப்படி ஏறுகிறது?

மூன்று உதவிகள் இருக்கின்றன. முதலாவது, சிரைக்குள் இருக்கும் வால்வுகள். மேலே போக விடும், கீழே இறங்க விடாது. இரண்டாவது, கெண்டைக்கால் சதை. ஒவ்வோர் அடி எடுத்து வைக்கும்போதும் அது சுருங்கி, நடுவே போகும் சிரையைப் பிழிந்து ரத்தத்தை மேலே தள்ளுகிறது. மூன்றாவது நம் மூச்சு. மூச்சை இழுக்கும்போது நெஞ்சுக்கூட்டுக்குள் அழுத்தம் குறைகிறது, வயிற்றுக்குள் கூடுகிறது. விதிப்படி ரத்தம் வயிற்றிலிருந்து நெஞ்சுக்கு நகர்கிறது.

மதுரை விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடைகளில் காலை முதல் இரவு வரை நின்றபடியே சேலை எடுத்துப் போடுகிறார்களே, அவர்களில் பலருக்குக் காலில் நரம்பு சுருண்டு புடைத்திருப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? அது நரம்பு அல்ல, சிரைதான். அசையாமல் நின்றால் கெண்டைக்கால் சதை பிழிவதில்லை. ரத்தம் தேங்கிச் சிரையை விரிக்கிறது. விரிந்த சிரையில் வால்வு மடல்கள் ஒன்றையொன்று தொடாமல் போய்விடுகின்றன. குடும்ப வாகு, கர்ப்பம், உடல் எடை ஆகியவையும் சேரும்போது சீக்கிரம் வருகிறது. அங்கே வேலை பார்க்கும் ஒவ்வொருவருக்கும் உட்கார ஒரு நாற்காலி வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். தமிழ்நாடு 2021-ல் கடைப் பணியாளர்கள் உட்காரும் உரிமைக்குச் சட்டத் திருத்தமே கொண்டுவந்திருக்கிறது.

கால் சிரைகள் வயிற்றுக்குள் நுழைந்து கீழ்ப்பெருஞ்சிரையாகின்றன. தலை, கைகளிலிருந்து வருவது மேற்பெருஞ்சிரை. இரண்டும் வலது மேலறையில் திறக்கின்றன.

வழியில் ஒரு கிளைப்பாதையைச் சொல்லியாக வேண்டும். குடலிலிருந்து வரும் ரத்தம் நேராக இதயத்துக்குப் போவதில்லை. கல்லீரல் போர்ட்டல் சிரை வழியாக முதலில் கல்லீரலுக்குப் போய், அங்கே மறுபடியும் நுண்குழாய்களாகப் பிரிந்து, பிறகுதான் கீழ்ப்பெருஞ்சிரையில் சேர்கிறது. கீழவாசலில் ஒரு ஜிகர்தண்டா குடிக்கிறீர்கள் என்றால் அதிலுள்ள சர்க்கரை இந்த வழியில் கல்லீரலைப் பார்த்துவிட்டுத்தான் உடலுக்குள் போகும். பாலிலும் ஐஸ்கிரீமிலும் உள்ள கொழுப்பின் பெரும்பகுதிக்கு வேறு பாதை: குடலில் நிணநீர்க் குழாயில் (திசுக்களில் கசியும் நீரைத் திரட்டும் தனிக் குழாய்) ஏறி, கழுத்தடியில் இடப்பக்கச் சிரையில் வந்து ரத்தத்தில் கலக்கிறது. ஒரே டம்ளரில் குடித்தது இரண்டு வழியாக வந்து இதயத்தில் சேர்கிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புத்தான்.

படி 2: வலது இதயம், நுரையீரல்

வலது மேலறையில் அழுத்தம் மிகக் குறைவு, 0 முதல் 5 மி.மீ. பாதரசத்துக்குள். அதனால்தான் உடல் முழுவதிலிருந்தும் ரத்தம் இங்கே வந்து விழுகிறது. மூவிதழ் வால்வு திறந்திருக்க, பெரும்பகுதி தானாகவே வலது கீழறைக்குள் இறங்கிவிடும். கடைசியில் மேலறை சுருங்கி மிச்சத்தைத் தள்ளும்.

வலது கீழறை சுருங்கியதும் மூவிதழ் வால்வு மூடுகிறது, நுரையீரல் தமனியின் அரைச்சந்திர வால்வு திறக்கிறது. ரத்தம் நுரையீரல் தமனியில் ஏறி, இடது வலது எனப் பிரிந்து இரண்டு நுரையீரல்களுக்கும் போகிறது. இதயத்தைவிட்டு வெளியே போவது தமனி, இதயத்துக்கு வருவது சிரை; உள்ளே ஓடுவது எந்த ரத்தம் என்பது கணக்கில்லை. தேர்வில் இந்த இடத்தில்தான் மதிப்பெண் போகிறது.

நுரையீரல் தமனியில் அழுத்தம் ஏறக்குறைய 25/10, அதாவது கீழறை சுருங்கும்போது 25, தளரும்போது 10. கையில் பட்டை கட்டிப் பார்க்கும் 120/80 எங்கே, இது எங்கே! நுரையீரல் பக்கத்திலேயே இருக்கிறது, அதன் குழாய்களும் எளிதில் விரிந்து கொடுக்கும். அழுத்தம் கூடினால் தண்ணீர் கசிந்து காற்றறைகளை நிரப்பிவிடும். வலது கீழறைச் சுவர் மெல்லிசாக இருப்பது குறையல்ல, தேவை.

நுரையீரலில் ஏறக்குறைய 30 கோடி காற்று நுண்ணறைகள் உள்ளன. ஒவ்வொன்றையும் தந்துகிகள் போர்த்தியிருக்கின்றன. காற்றுக்கும் ரத்தத்துக்கும் நடுவில் உள்ள சுவர் ஒரு மைக்ரானுக்கும் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) குறைவு. ஓய்வில் ஒரு சிவப்பணு அங்கே இருக்கும் நேரம் முக்கால் நொடி. அதற்குள் கார்பன் டை ஆக்சைடு வெளியேறி, ஆக்சிஜன் சிவப்பணுவுக்குள் இருக்கும் ஹீமோகுளோபினில் ஒட்டிக்கொள்கிறது. வரும்போது ஹீமோகுளோபினில் சுமார் 75 விழுக்காடு ஆக்சிஜன் இருந்தது. போகும்போது 95-க்கு மேல். கொரோனா நாட்களில் விரலில் மாட்டிப் பார்த்த ஆக்சிமீட்டர் காட்டிய எண் இதுதான்.

முதலில் சொன்ன 75-ஐக் கவனியுங்கள். உடலைச் சுற்றி வந்த ரத்தம் 'ஆக்சிஜனே இல்லாத ரத்தம்' அல்ல. முக்கால்வாசி சரக்கோடுதான் திரும்பி வருகிறது. உழைக்கும்போது எடுத்துக்கொள்ள அந்தக் கையிருப்பு வேண்டும்.

படி 3: இடது இதயம், பெருந்தமனி

நுரையீரலிலிருந்து பொதுவாக நான்கு சிரைகள் இடது மேலறையில் வந்து சேர்கின்றன. அங்கிருந்து ஈரிதழ் வால்வு வழியாக இடது கீழறை. ஓய்வில் அது நிரம்பும்போது ஏறக்குறைய 120 மி.லி. இருக்கும். சுருங்கும்போது 70 மி.லி. வெளியே போகும், 50 மி.லி. உள்ளேயே நிற்கும்.

இனிக் கணக்கைப் போடுங்கள். ஒரு துடிப்புக்கு 70 மி.லி., நிமிடத்துக்கு 72 துடிப்பு, பெருக்கினால் 5 லிட்டர். உடலில் இருக்கும் மொத்த ரத்தமே ஏறக்குறைய 5 லிட்டர்தான். அப்படியென்றால் சராசரியாக ஒரு நிமிடத்தில் ஒரு சுற்று! ஒரு நாளுக்குத் துடிப்பு ஒரு லட்சத்தைத் தாண்டும், தள்ளுவது 7,000 லிட்டருக்கு மேல்.

இதே வகைக் கணக்குதான் வில்லியம் ஹார்வி என்ற ஆங்கில மருத்துவரை உண்மைக்குக் கொண்டுபோனது. அதற்கு முன் 1,400 ஆண்டுகளாக ஐரோப்பாவில் பண்டைய கிரேக்க மருத்துவர் கேலன் சொன்னதே பாடம்: கல்லீரல் ரத்தத்தைத் தயாரிக்கிறது, உடல் அதைத் தின்று தீர்க்கிறது, இதயத்தின் நடுச்சுவரில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் வழியே ரத்தம் கசிகிறது. நடுச்சுவரில் துளை இல்லை, ரத்தம் நுரையீரலைச் சுற்றித்தான் இடப்பக்கம் வருகிறது என்று 13-ஆம் நூற்றாண்டிலேயே அரபு மருத்துவர் இப்னு அல்-நஃபீஸ் எழுதினார். ஹார்வி அரை மணி நேரத்தில் இதயம் வெளியே தள்ளும் ரத்தத்தைக் கணக்கிட்டார். அது உடலில் இருக்கும் ரத்தத்தைவிட அதிகமாக வந்தது. அவ்வளவையும் சாப்பாட்டிலிருந்து தயாரிக்க முடியாது, ஆகவே அதே ரத்தம்தான் சுற்றி வர வேண்டும் என்று 1628-ல் வெளியிட்டார். தமனியையும் சிரையையும் இணைப்பது எது என்று அவரால் காண முடியவில்லை. 1661-ல் இத்தாலிய மருத்துவர் மால்பிகி தவளையின் நுரையீரலை நுண்ணோக்கியில் பார்த்துத் தந்துகிகளைக் கண்டுபிடித்தபோதுதான் வட்டம் முழுமையானது.

இடது கீழறை 120 வரை அழுத்தம் எழுப்ப வேண்டும், தலை உச்சி முதல் உள்ளங்கால் வரை தள்ள வேண்டும். அதற்காகவே அந்தத் தடித்த சுவர். ஆனால் ஒன்று: அழுத்தம் இரண்டு பக்கமும் வேறு, அளவு ஒன்றேதான். வலது இதயம் நிமிடத்துக்கு 5 லிட்டர் தள்ளினால் இடது இதயமும் 5 லிட்டர்தான் தள்ளும். இடது பக்கம் சற்றுக் குறைவாகத் தள்ளினாலே நுரையீரலில் ரத்தம் தேங்கிவிடும். பின்னால் நோய்களைப் பற்றிப் பேசும்போது இது வேண்டியிருக்கும்.

பெருந்தமனி தொடங்கிய இடத்திலேயே, வால்வுக்கு ஒட்டி மேலே, இரண்டு கரோனரி தமனிகள் கிளம்புகின்றன. உடலில் முதல் பங்கு இதயத்துக்குத்தான். அதுவும் இடது கீழறையின் சதைக்கு ரத்தம் பெரும்பாலும் அது தளர்ந்திருக்கும் நேரத்தில்தான் போகும். சுருங்கும்போது சதை தன் குழாய்களைத் தானே நெரித்துக்கொள்கிறது. பிறகு பெருந்தமனி வளைந்து, தலைக்கும் கைகளுக்கும் மூன்று கிளைகளை அனுப்பிவிட்டு, முதுகெலும்பை ஒட்டிக் கீழே இறங்குகிறது. ஓய்வில் சிறுநீரகங்கள் இரண்டுமே சேர்ந்து ஐந்தில் ஒரு பங்கை வாங்கிக்கொள்கின்றன. மூளைக்கு ஏறக்குறைய 15 விழுக்காடு.

படி 4: மறுபடியும் கெண்டைக்கால்

தமனி சிறுத்துச் சிறுத்து நுண்தமனியாகிறது. சுவரில் வட்டமாக ஓடும் சதை சுருங்கினால் வழி அடையும், தளர்ந்தால் திறக்கும். எந்த உறுப்புக்கு எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பது இதயம் அல்ல, இந்த நுண்தமனிகள். அழுத்தம் பெரிதாக விழுவதும் இங்கேதான். சராசரி 90-க்கு மேல் இருந்தது தந்துகி வாசலில் 35 அளவுக்கு வந்துவிடும்.

தந்துகியின் அகலம் 5 முதல் 10 மைக்ரான். சிவப்பணு 7 முதல் 8. பல இடங்களில் உடலை மடக்கித்தான் அது நுழைய வேண்டும். வேகம் நொடிக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. ஒவ்வொரு தந்துகியும் குறுகல்தான், ஆனால் கோடிக்கணக்கில் இருப்பதால் மொத்தப் பரப்பு பெரியது, அதனால் ஓட்டம் மெதுவாகிறது. அந்த நிதானத்தில்தான் ஆக்சிஜனும் குளுக்கோசும் செல்லுக்குப் போக, கழிவு உள்ளே வருகிறது. கொஞ்சம் நீரும் வெளியே கசியும். அதை நிணநீர்க் குழாய்கள் திரட்டிக் கழுத்தடியில் ரத்தத்தில் சேர்க்கின்றன. யானைக்கால் நோயில் புழுக்கள் சேதப்படுத்துவது அந்த நிணநீர்க் குழாய்களைத்தான்.

நம் சொட்டு கிளம்பிய இடத்துக்கு வந்துவிட்டது. காகிதம் எடுத்து, புத்தகம் பார்க்காமல், கெண்டைக்காலில் தொடங்கி இந்தப் பாதையை எழுதுங்கள். எங்கே தட்டுகிறதோ அந்தப் படியை மட்டும் திரும்பப் படித்தால் போதும்.

ஒரு துடிப்பு, 0.8 நொடி

வலது மேலறையின் மேற்புறம், மேற்பெருஞ்சிரை நுழையும் இடத்துக்குப் பக்கத்தில் சைனோ ஆரிக்குலார் கணு இருக்கிறது. மூளை கட்டளை இடாமலே அது மின்தூண்டலை எழுப்பும். மூளையிலிருந்து வரும் நரம்புகள் அதை வேகப்படுத்தவும் தணிக்கவும் மட்டுமே செய்யும். தூண்டல் மேலறைகளில் பரவ, அவை 0.1 நொடி சுருங்குகின்றன. நடுவில் உள்ள இன்னொரு கணுவில் தூண்டல் சுமார் 0.1 நொடி தாமதப்படுகிறது. இந்தத் தாமதம் இல்லாவிட்டால் மேலறையும் கீழறையும் ஒன்றாகச் சுருங்கி, கீழறை முழுதாக நிரம்பாது. அப்புறம் தூண்டல் கீழ் முனைக்கு இறங்கி அங்கிருந்து மேல்நோக்கிப் பரவும். வெளியேறும் குழாய்கள் மேலே இருப்பதால் கீழிருந்து பிழிவதுதான் பொருத்தம். கீழறைகள் சுருங்குவது 0.3 நொடி. மீதி 0.4 நொடி எல்லா அறைகளுமே ஓய்வு.

கீழறை சுருங்கத் தொடங்கும்போது மூவிதழ், ஈரிதழ் வால்வுகள் மூடும் ஓசை 'லப்'. அது முடிந்து அரைச்சந்திர வால்வுகள் மூடும் ஓசை 'டப்'.

உங்கள் உடம்பிலேயே பாருங்கள்

மணிக்கட்டில், கட்டைவிரல் பக்கம், நாடி பார்க்கும் வைத்தியர் விரல் வைக்கும் அதே இடத்தில் மூன்று விரல்களை வையுங்கள். ஒரு நிமிடம் எண்ணுங்கள். ஓய்வில் பெரியவர்களுக்கு 60 முதல் 100 வரை இருக்கலாம். பிறகு ஒரு காலையில் கீழக்குயில்குடிக்குப் போய்ச் சமணர்மலையில் பேச்சிப்பள்ளம் வரை ஏறி, நின்றதும் உடனே எண்ணுங்கள். எவ்வளவு கூடியிருக்கிறது, பழைய எண்ணுக்குத் திரும்ப எத்தனை நிமிடம் ஆகிறது என்று இரண்டையும் எழுதிவையுங்கள். கடுமையாக உழைக்கும்போது ஆரோக்கியமான இளைஞரின் இதயம் நிமிடத்துக்கு 20 லிட்டர் வரை தள்ளும். அதில் பெரும்பங்கு கால் சதைக்கே போகும், குடலுக்குப் போகும் பங்கு சுருங்கும். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு ஏறினால் ஏன் சிரமம் என்பது இதிலேயே விளங்கும். இதய நோயோ மூச்சு வாங்கலோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் ஏற வேண்டாம்.

அடுத்தது ஹார்வி செய்து காட்டிய சோதனை. கையைத் தொங்கவிட்டு, முன்னங்கையில் புடைத்திருக்கும் ஒரு சிரையைத் தேர்ந்தெடுங்கள். மணிக்கட்டுப் பக்கம் ஒரு விரலால் அழுத்திப் பிடியுங்கள். இன்னொரு விரலால் அங்கிருந்து முழங்கைப் பக்கமாக ரத்தத்தைத் தடவித் தள்ளிவிட்டு, அந்த இரண்டாவது விரலை எடுங்கள். மேலே இருக்கும் ரத்தம் ஒரு வால்வு வரை வந்து நின்றுவிடும். அதற்குக் கீழே சிரை காலியாகவே தட்டையாக இருக்கும். இப்போது முதல் விரலை எடுங்கள். கீழேயிருந்து சட்டென்று நிரம்பும். ரத்தம் ஒரே திசையில் ஓடுகிறது என்பதற்கு இதைவிட நேரான சாட்சி வேண்டுமா?

பாதை தெரிந்தால் நோய் புரியும்

கால் சிரையில் உறைந்த ரத்தக்கட்டி கழன்றால் எங்கே போய் அடைக்கும்? பாதையைச் சொல்லிப் பாருங்கள். சிரைகள் போகப்போக அகலமாகின்றன, வலது இதயம் அகலம், முதல் குறுகலான இடம் நுரையீரல். அதனால்தான் நீண்ட நாள் படுக்கைக்குப் பிறகு திடீர் மூச்சுத்திணறல் வந்தால் மருத்துவர் காலைப் பார்க்கிறார். கட்டி இடது மேலறையில் உருவானால் பெருந்தமனி வழியாக மூளைக்கும் போகலாம், அது பக்கவாதம்.

இடது கீழறை தளர்ந்தால் ரத்தம் அதற்குப் பின்னால், நுரையீரலில் தேங்கும். படுத்தால் மூச்சு முட்டும். வலது கீழறை தளர்ந்தால் உடலில் தேங்கும். கால் வீங்கும், கல்லீரல் பெருக்கும். எந்த இடம் கெட்டதோ அதற்கு ஒரு படி பின்னால் பாருங்கள், அறிகுறி அங்கே இருக்கும்.

பிள்ளைகளுக்குத் தொண்டைவலியோடு காய்ச்சல் வந்தால் சும்மா விடாதீர்கள் என்று பெற்றோரிடம் நான் கெஞ்சாத குறையாகச் சொல்வேன். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியால் வரும் தொண்டைவலியைக் கவனிக்காமல் விட்டால் சிலருக்கு ருமாட்டிக் காய்ச்சலாகி ஈரிதழ் வால்வு ஒட்டிச் சுருங்கிவிடுகிறது. பல ஆண்டு கழித்து, பெண்களில் சிலருக்குக் கர்ப்ப காலத்தில், மூச்சுவாங்கலாக வெளியே தெரியும்.

சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க இரவெல்லாம் நின்ற கூட்டத்தில் சிலர் மயங்கி விழுவார்கள். நின்றவுடன் அரை லிட்டர் அளவு ரத்தம் கீழ்ப்பகுதிச் சிரைகளுக்கு இறங்குகிறது. புழுக்கத்தில் தோலின் நாளங்கள் விரிகின்றன, வியர்வையில் நீர் போகிறது, நெரிசலில் கால் அசைவதில்லை. இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறைய, வெளியே போவதும் குறைய, முதலில் தவிப்பது மேலே இருக்கும் மூளை. விழுந்தவரைத் தூக்கி உட்கார வைக்காதீர்கள். தட்டையாகப் படுக்க வைத்துக் கால்களை உயர்த்துங்கள். நிற்கும்போது குதிகாலை எடுத்து எடுத்து வைத்துக்கொண்டிருந்தால் பாதிப் பிரச்சினை வராது.

நெஞ்சில் பாரம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, குளிர் வியர்வை என்று வந்தால் வாயுவாக இருக்கும் என்று சோடா குடித்துக்கொண்டு நேரத்தை விடாதீர்கள். சர்க்கரை நோயாளிகளுக்கு வலியே தெரியாமலும் இருக்கலாம். 108-ஐ அழையுங்கள். தமிழக அரசு 2023-ல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே முதல் மாத்திரைகளைக் கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள்.

ஒருவர் விழுந்து, தட்டினாலும் அசையாமல், சரியாக மூச்சும் விடாமல் கிடந்தால் ரத்த ஓட்டம் நின்றுவிட்டது என்றே கொள்ளுங்கள். ஓட்டம் நின்ற சில நிமிடங்களில் மூளை கெடத் தொடங்கும். 108-க்குச் சொல்லச் சொல்லிவிட்டு, நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியில் இரு உள்ளங்கைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 முதல் 6 செ.மீ. ஆழத்துக்கு அழுத்துங்கள். வெளியே இருந்து அழுத்தினாலும் ரத்தம் முன்னே மட்டுமே போகும், வால்வுகள் பின்னே விடாது. ஒவ்வோர் அழுத்தத்துக்குப் பிறகும் நெஞ்சு முழுதாக எழும்ப விடுங்கள். இதயம் நிரம்புவதும் கரோனரி தமனிகளுக்கு ரத்தம் போவதும் அந்த எழும்பும் நேரத்தில்தான். ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து கையை எடுக்கச் சொல்லும்வரை, களைத்தால் ஆள் மாற்றி, விடாமல் செய்யுங்கள்.